தூவி சுழலவில்லையா?

இம்முறை கடனைப் பற்றி எழுதத் தொடங்கித் தண்ணீரில் வந்து நிற்கிறேன்.

லிங்கநகரில் நான் சந்திக்கும் அக்கா ஒருவர், கணவர் 2007இல் காணாமல் போன பின் வீட்டுத் தோட்டத்தை நம்பியே பிள்ளைகளை வளர்த்தவர். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த தூவல் நீர்ப்பாசனத் தொகுதி சென்ற ஆவணியில் நின்றுபோனது. பார்க்க வந்தவர் "மோட்டர் முடிஞ்சுது, புதுசு வாங்குங்கோ" என்று சொல்லிவிட்டார். நுண்கடன் படிவம் மேசையில் கிடந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை நீக்க அரசாங்கமே முடிவெடுக்க வேண்டிவந்தது. அந்த நிலைமையை நாம் மறக்கவில்லை.

"ஒரு நாள் பொறுங்கோ அக்கா" என்றேன்.

"நீங்கள் படிச்சது சமூகவியல் எல்லோ தங்கச்சி?" என்று சிரித்தார். உண்மைதான். ஆனால் வாளி பிடிக்கத் தெரியும்.

மோட்டரிலிருந்து குழாயைக் கழற்றி 10 லீற்றர் வாளியை வைத்தோம். 10 செக்கனில் நிறைந்தது. பழுதான மோட்டர் அவ்வளவு தள்ளாது. வடிகட்டியைத் திறந்தால், மணலும் பாசியும் அடைத்து வலையே தெரியவில்லை. கழுவினோம். குழாயின் கடைசி மூடியைக் கழற்றிவிட்டு மோட்டரைப் போட, கலங்கல் பாய்ந்து பிறகு தெளிந்தது. இரண்டு தூவிகளின் துளையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. மகன் ஊசியுடன் ஓடிவந்தான். வேண்டாம், துளை பெருத்தால் தண்ணீர் சிதறாமல் ஒழுகும். இரவு முழுவதும் வினாகிரியில் ஊறவிட்டுப் பழைய பிரசால் தேய்த்தோம்.

அப்போதும் கடைசித் தூவி சோர்ந்தே நின்றது. காரணத்தை அக்காவே சொன்னார்: கச்சான் பாத்திக்காக நான்கு தூவியை ஆறாக்கியிருக்கிறார். ஒன்றுக்கு நிமிடத்துக்கு 10 லீற்றர் என்றால் ஆறுக்கு 60. வாளியில் கண்டதும் அவ்வளவுதான். தூவிகளைப் பூட்டி அழுத்தம் கூடும்போது மோட்டர் தருவது அதிலும் குறையும். இப்போது நடுவில் ஒரு வால்வு போட்டு மும்மூன்றாகத் திறக்கிறார். படிவத்தை நிரப்பவில்லை.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் (கச்சானுக்குக் கச்சானே எதிரி!) பகலில் தூவினால் தண்ணீர் அயல் வளவுக்குப் போகும். விடியப்புறம் திறவுங்கள்.

உயரத்தில் தாங்கி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். 10 மீற்றர் உயரம்தான் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். மூன்று மீற்றர் தாங்கியில் இப்படியான தூவி சுழலாது, அது தூவியின் பழுதல்ல. அங்கே சொட்டு நீர்க் குழாய் போடலாம்.

எதைக் கழற்றுவதானாலும் முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். மோட்டரின் மூடியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம்.