தகர டப்பாவும் இரும்புக் கோட்டையும்

நெடுஞ்சாலையில் ஒரு கார் லாரியின் பின்னால் சொருகிக் கிடக்கிற படம் வாட்ஸப்பில் வருகிறது. அடுத்த நிமிடமே முதல் கேள்வி வந்துவிடும்: "என்ன வண்டி?" உள்ளே எத்தனை பேர், யாராவது பிழைத்தார்களா, எந்த ஊர்க்காரர்கள் என்பதெல்லாம் பிறகுதான். பல சமயம் அந்தக் கேள்விகள் வருவதே இல்லை. வண்டி மாருதி என்றால், "தகர டப்பா, வேற என்ன எதிர்பார்த்தீங்க" என்று ஒருவர். டாடா என்றால், "பாத்தீங்களா, இவ்ளோ அடி வாங்கியும் கேபின் அப்படியே நிக்குது" என்று இன்னொருவர். "நிக்கும் சார், சர்வீஸ் சென்டர்ல நின்னு பழகின வண்டிதானே" என்று உடனே மாருதி தரப்பிலிருந்து பதில். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். படத்தின் ஓரத்தில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடக்கும். அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறந்தவர்களில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். அதாவது மூன்றில் இரண்டு பேருக்கு, மோதியது ஐந்து நட்சத்திர வண்டியா பூஜ்ய நட்சத்திர வண்டியா என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஆனால் நம் கார் உரிமையாளர்களின் பாதுகாப்பு விவாதம் முழுக்க கண்ணாடிக்கு உள்ளேயே நடக்கிறது.

அந்த விவாதமாவது ஒழுங்காக நடக்கிறதா? ஷோரூமில் கார் பார்க்கப் போகிறவர் செய்யும் முதல் காரியத்தைக் கவனியுங்கள். விரல் முட்டியால் கதவைத் தட்டிப் பார்ப்பார், தேங்காய் வாங்குவதுபோல. பிறகு கதவைச் சாத்தி அந்த 'டப்' சத்தத்தைக் கேட்பார். "கெட்டி பாடி சார்." கதவின் வெளித்தகடு கெட்டியா மெலிசா என்பதற்கும் நேருக்கு நேர் மோதலில் நீங்கள் பிழைப்பதற்கும் ஏறக்குறைய ஒரு சம்பந்தமும் கிடையாது. கதவுச் சத்தம் என்பது ரப்பர் பீடிங், பூட்டின் அமைப்பு, உள்ளே ஒட்டியிருக்கும் ஒலித்தடுப்புப் பட்டை இவற்றால் வருவது. அதற்கென்றே உட்கார்ந்து வேலை செய்கிற பொறியாளர்கள் இருக்கிறார்கள். காரின் முன்பகுதி நசுங்கத்தான் வேண்டும். அது நசுங்கும்போதுதான் மோதலின் ஆற்றல் அங்கே செலவாகிறது. நசுங்கக் கூடாதது நீங்கள் உட்கார்ந்திருக்கிற கூண்டு மட்டும். விபத்துப் படத்தில் பானெட் அப்பளமாக நொறுங்கியிருப்பதைக் காட்டி "தகரம்" என்று சிரிக்கிறவர், சரியாக வேலை செய்த ஒரு வடிவமைப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கலாம். வெறும் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் உண்மை. ஆனால் அப்படிச் சொன்னால் சண்டை போட முடியாதே.

இப்போது நட்சத்திரங்களுக்கு வருவோம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை முதன்முதலாக மோதிப் பார்த்தது, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில். ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ, நானோ ஆகிய ஐந்தின் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். ஐந்துக்கும் பூஜ்யம். மாருதிக்கும் பூஜ்யம், டாடாவுக்கும் பூஜ்யம், ஜெர்மன் தரம் என்று நாம் கும்பிடுகிற ஃபோக்ஸ்வேகனுக்கும் பூஜ்யம். அதே போலோவை இரண்டு ஏர்பேக்கோடு மோதிப் பார்த்தபோது நான்கு நட்சத்திரம் வந்தது. லோகோ அதேதான், உள்ளே வைத்தது வேறு. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் காராக ஆனது. அதில் டாடா பொறியாளர்களுக்குப் பெருமைப்பட எல்லா உரிமையும் உண்டு. 2024 நவம்பரில் 'தகர டப்பா' கம்பெனியின் டிசையர் அதே ஐந்தை வாங்கியது. அன்றைக்கு நான் கண்ட காட்சி சுவாரசியமானது. அதுவரை குளோபல் என்கேப்பை வேதமாக மேற்கோள் காட்டியவர்கள், "காசு குடுத்து வாங்கியிருப்பான்" என்றார்கள். அதுவரை "ஸ்டார் எல்லாம் சும்மா ஏமாத்து வேலை சார்" என்றவர்கள் ஸ்டேட்டஸில் ஐந்து நட்சத்திரம் வைத்தார்கள். ஒரே ராத்திரியில் இரண்டு அணியும் இடம் மாறிக்கொண்டு, அதே கோபத்தோடு சண்டையைத் தொடர்ந்தன.

அணி என்று சொல்கிறேன். எந்த அணி? 2000களின் பிற்பகுதியில் ஸ்விஃப்ட் டீசல் வைத்திருந்தவரும் இண்டிகா விஸ்டா வைத்திருந்தவரும் ஜென்மப் பகையாளிகள். இருவருடைய பானெட்டுக்கு அடியிலும் ஓடியது ஃபியட்டின் 1248 சிசி டீசல் எஞ்சின். மாருதி அதற்கு டிடிஐஎஸ் என்று பெயர் வைத்தது, டாடா குவாட்ராஜெட் என்றது, ஃபியட் தன் புண்டோவில் மல்டிஜெட் என்றது. மோட்டார் பத்திரிகைக்காரர்கள் அதை 'இந்தியாவின் தேசிய எஞ்சின்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். மாருதி டீசலைக் கைவிட்ட 2020 ஏப்ரல் வரை அது ஓடியது. இன்றைக்கு டொயோட்டா கிளான்சா வாங்குகிறவர் "டொயோட்டா தரம் சார், வாழ்நாள் பூரா ஓடும்" என்கிறார். அது மாருதி பெலினோ. மூக்கையும் முத்திரையையும் மாற்றியிருக்கிறார்கள். டஸ்டர் உசத்தியா டெரானோ உசத்தியா என்று அடித்துக்கொண்டார்கள் ஒரு காலத்தில். இரண்டும் ஒரகடத்தில் ஒரே ஆலையிலிருந்து வந்தவை.

சென்னைக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பாடியில் லூகாஸ் ஸ்டாப் என்றே ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. லூகாஸ் டிவிஎஸ் அங்கே ஸ்டார்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறது. அதே பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. ஒரே பட்டறையில் ஒரே தொழிலாளி காலையில் ஒரு கம்பெனிக்கும் மதியத்துக்கு மேல் இன்னொரு கம்பெனிக்கும் பாகம் செய்து பெட்டியில் போடுகிற தொழில் இது. டக்காட்டா என்கிற ஒரே ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக் கோளாறால் ஹோண்டா, டொயோட்டா, நிஸான், பிஎம்டபிள்யூ, ஃபோர்டு என்று உலகம் முழுக்க எல்லோரும் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது அதனால்தான்.

இந்த விசுவாசம் எங்கிருந்து வந்தது? நம் தாத்தாக்களுக்கு இது இல்லை. அவர்களுக்கு அம்பாசடர், ஃபியட், கொஞ்சம் பேருக்கு நம்மூர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவனுக்குக் கிடைத்ததே வரம், அதில் எங்கே விசுவாசம். இது தேர்வு வந்த பிறகு, கடன் வந்த பிறகு வந்த வியாதி. வீட்டுக்கு அடுத்தபடியாக நடுத்தரக் குடும்பம் செலவழிக்கிற மிகப்பெரிய தொகை கார். ஏழு வருஷ இஎம்ஐ. மாதாமாதம் ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து பணம் போகும்போது, எடுத்த முடிவு சரி என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவரும் சொல்லாவிட்டால் நாமே சொல்லிக்கொள்ள வேண்டும், கொஞ்சம் சத்தமாக. இதோடு ரசிகர் மன்றப் பழக்கமும் நமக்கு நிறையவே இருக்கிறது. ஆனால் சினிமா ரசிகன் நடிகருக்குத் தருவது டிக்கெட் காசு, ஒரு ராத்திரித் தூக்கம். கார் ரசிகன் பன்னிரண்டு லட்சம் தருகிறான்.

சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரன் இருக்கிறார். புது வண்டி எதுவானாலும் அங்கே வந்து எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் போகும். முனீஸ்வரன் லோகோ பார்த்ததாகத் தெரியவில்லை. மெக்கானிக்குகளும் பார்ப்பதில்லை. எங்கள் பகுதியில் வண்டி பார்க்கிற அண்ணனிடம் "எதுண்ணே நல்ல வண்டி?" என்று கேட்டால் "பார்ட்ஸ் சீக்கிரம் கெடைக்கிற வண்டி தம்பி" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

சுதேசி வாதம் ஒன்று உண்டு. டாடாவும் மஹிந்திராவும் நம்மவை, மாருதி ஜப்பான்காரனுடையது, ஹூண்டாய் கொரியாக்காரனுடையது. மாருதியின் பெரும்பான்மைப் பங்கு சுஸூகியிடம் இருப்பது உண்மை. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் நம் பிள்ளைகள் ஷிப்டு போட்டுச் செய்கிற காரை அந்நியம் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? டாடா 2008இல் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியது, விற்றவர் ஃபோர்டு. அதே ஃபோர்டு குஜராத் சானந்தில் நடத்திய ஆலையையும் 2023இல் டாடாவே எடுத்துக்கொண்டது. மூலதனம் இப்படி வீடு மாறிக்கொண்டே இருக்கும். கொடி பிடிக்கிறவன் மட்டும் ஒரே இடத்தில் நிற்பான்.

ஃபோர்டு கதையைச் சொல்லாமல் விட முடியாது. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இந்தியச் சாலைகளில் ஃபோர்டு ரசிகர்களைப் போன்ற பக்தர்கள் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. "ஸ்டியரிங்னா ஃபோர்டு ஸ்டியரிங் சார்" என்று உருகுவார்கள். பக்தர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை கம்பெனி. கணக்கு ஒத்து வரவில்லை, கிளம்பிவிட்டது. அதில் எனக்குக் கோபம் இல்லை, கம்பெனி என்றால் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு எழுதப்பட்ட இரங்கற்பாக்களைப் படித்தேன். ஈகோஸ்போர்ட்டுக்கு அழுதார்கள், எண்டெவருக்கு அழுதார்கள். மறைமலை நகர் ஆலை வாசலில் நல்ல இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் போராடிய தொழிலாளர்களைப் பற்றி நான் படித்தவற்றில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஸ்டியரிங்கைப் பூட்டிய கைகள் அவை.

"புடிச்ச வண்டிய ரசிக்கிறது ஒரு குத்தமா?" என்று கேட்கலாம். இல்லவே இல்லை. வளைவில் வண்டி திரும்புகிற விதத்தை மணிக்கணக்கில் பேசுகிறவர்களோடு நானும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். ரசிகனுக்கு முதலில் தெரிய வேண்டியது குறைதான். சங்கீத சபாவில் அபஸ்வரத்துக்கு முகம் சுளிக்கிறவன் ரசிகன். எது பாடினாலும் கை தட்டுகிறவனுக்கு வேறு பெயர் இருக்கிறது.

குறையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கார் எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரையும் அந்தச் சண்டையில் ஒரு தோட்டாவாகிவிடும். சென்ற வருஷம் ஜிஎஸ்டி சாலையில் பரனூர் டோல் தாண்டி எண்பதில் போகும்போது ஸ்டியரிங்குக்கான மின் உதவி சட்டென்று நின்றது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. இரண்டு வாரத்தில் மறுபடியும். சர்வீஸ் சென்டரில் "எர்ரர் கோடு எதுவும் காட்டல சார்" என்று கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார்கள். அந்த மாடல் வைத்திருப்பவர்களின் குழுவில் எழுதினேன். முதல் பதில்: "எனக்கு அறுபதாயிரம் ஓடியாச்சு, ஒரு பிரச்சினையும் இல்ல." என் தொழிலில் இதைத் தினமும் கேட்கிறேன். 'என் மெஷின்ல ஓடுதே' என்பதோடு எந்த பக்கையும் மூட முடியாது என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது பதில்: "வண்டி ஓட்டுற விதத்துல இருக்கு." மூன்றாமவர் நேராகவே கேட்டார்: "நீங்க எந்தக் கம்பெனி ஆளு பாஸ்?"

அன்று இரவு மூன்று பேர் தனியாக எழுதினார்கள். மூவருக்கும் அதே கோளாறு. மூவரும் ஒன்றையே சொன்னார்கள்: வெளியில் பேச வேண்டாம், ரீசேல் அடிபடும்.

விசுவாசம் என்று நாம் மரியாதையாக அழைப்பதன் அடியில் இதுதான் கிடக்கிறது. அடுத்தவன் தலையில் கட்டும்வரை பேர் கெடக் கூடாது. அந்த அடுத்தவன் மனைவி, குழந்தைகளோடு அதே சாலையில் போவான்.

இந்த மௌனத்துக்குச் சட்டத்திலும் விலை இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டி என்றால் உரிமையாளர் வாகன் இணையதளத்தில் நேரடியாகப் புகாரைப் பதியலாம். ஒரு மாடலின் ஆண்டு விற்பனையைப் பொறுத்து ஒரு எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். புகார்கள் அதைத் தொட்டால் கட்டாயத் திரும்ப அழைப்புக்கான நடவடிக்கை தொடங்கும். எண்ணப்படுவது புகார் மட்டும்தான். "பேட்டரி டெர்மினல் பாருங்க" என்று சொல்லி ஒருவரை அடக்கி உட்கார வைக்கிற ஒவ்வொரு முறையும் அந்த எண்ணிலிருந்து ஒன்று குறைகிறது. கம்பெனி இதற்கென்று ஆள் வைத்திருந்தால் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். நம் ஆட்கள் இஎம்ஐ கட்டிக்கொண்டே செய்து தருகிறார்கள்.

நான் பதிந்தேன். அந்த மூவருக்கும் சுட்டியை அனுப்பினேன். ஒருவர் அன்றே பதிந்துவிட்டு எண்ணை அனுப்பினார். இன்னொருவர் படித்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. அந்த வார இறுதியில் குழுவில் ஏற்காடு மலைப்பாதையில் தன் கார் நிற்கிற படத்தைப் போட்டு, கம்பெனியின் விளம்பர வாசகத்தைக் கீழே எழுதியிருந்தார். மூன்றாமவர் கேட்டது ஒரு கேள்விதான்:

"இதுல போட்டா என் பேரு கம்பெனிக்குத் தெரியுமா சார்?"