கம்ப்யூட்டர் காட்டிய மலை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. திரையில் ஓர் எண் தெரிந்தால் அதை அப்படியே நம்பிவிடுவார்கள். "கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தப்பாகுமா?" என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என்னைத் திருத்தியது சைக்கிள்.

வேலை காரணமாக நான் வசிப்பது பிரிட்டனில், வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில். நகருக்கு வடக்கே ரோண்டா, ரிம்னி என்று குறுகலான பள்ளத்தாக்குகள் மலைகளுக்குள் செல்கின்றன. ஒரு காலத்தில் இங்கே திரும்பிய பக்கமெல்லாம் நிலக்கரிச் சுரங்கம். 1913-ல் மட்டும் தெற்கு வேல்ஸில் ஐந்தரைக் கோடி டன்னுக்கு மேல் வெட்டினார்கள். ரோண்டாவின் கடைசிச் சுரங்கமான மார்டி 1990 டிசம்பரில் மூடப்பட்டது. சுரங்கங்கள் போய்விட்டன. மலைச் சாலைகளும் பழைய ரயில் தடங்களும் மிச்சம் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் அங்கே சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம்.

என் மனைவிக்கும் ஒரு சைக்கிள் வாங்கினோம். முதல் பயணத்துக்கு ரிம்னி பள்ளத்தாக்கில் ஹெங்கோயிட் பாலத்தைத் தேர்ந்தெடுத்தேன். 1857-ல் ரயிலுக்காகக் கட்டிய கல் பாலம் அது. உயரம் ஏறத்தாழ 37 மீட்டர். இப்போது அதன்மேல் சைக்கிள் பாதை. பாதை திட்டமிடும் இணையத்தளம் ஒன்றில் வழியை வரைந்தேன். பாலம் வரும் இடத்தில் ஏற்ற இறக்கப் படம் கிணறு மாதிரி இறங்கி ஏறியது. "இதென்னங்க, பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கச் சொல்றீங்களா? நான் வரலை" என்றார். அந்தச் சைக்கிள் இரண்டு மாதம் கூடத்திலேயே நின்றது.

பிறகு நான் மட்டும் போய்ப் பார்த்தேன். பாதை மேஜை போலச் சமமாக இருந்தது. நிலக்கரி ரயில் போன தடம், வேறு எப்படி இருக்கும்?

தப்பு எங்கே நடந்தது? இணையத்தளம் அந்த இடத்துக்கு நேரில் போய் அளப்பதில்லை. ஏற்கெனவே எடுத்த அளவுகளின் பட்டியலில் இருந்து உயரத்தை எடுத்துக்கொள்கிறது. பல தளங்களுக்கு அடிப்படையாக இருந்தது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் மூலம் எடுத்த அளவுகள். அமெரிக்காவுக்கு வெளியே முதலில் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 90 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் உண்டு. பின்னர் அது 30 மீட்டர் ஆனது. சில மீட்டரே அகலமுள்ள பாலம் இதில் தெரியாது. பாலத்துக்குக் கீழே ஓடும் ஆற்றின் உயரத்தைப் பாதையின் உயரம் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது.

குகைப்பாதை என்றால் இதற்கு நேர்மாறு. ரோண்டாவில் 1890-ல் திறந்து 1968-ல் மூடிய மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் குகைப்பாதை இருக்கிறது. அந்த வழியை வரைந்தால், மலைக்குள் நுழைவதற்குப் பதிலாக மலை உச்சியில் ஏற்றிவிடும். இப்போது சில தளங்கள் பாலத்தையும் குகையையும் அடையாளம் கண்டு திருத்துகின்றன. எல்லாத் தளங்களும் அல்ல.

எண் சரியாக இருந்தாலும் ஏமாறலாம். ரோண்டாவில் ட்ரியார்க்கி ஊருக்கு மேலே புல்க் என்று ஒரு மலைச் சாலை. வேல்ஸ் மொழியில் புல்க் என்றால் கணவாய். 1920களில் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்டு போட்ட சாலை இது. கார்டிஃபில் இருந்து உச்சிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர், உச்சியின் உயரம் சுமார் 450 மீட்டர். திரையில் வந்த சராசரிச் சரிவு ஒரு சதவிகிதத்துக்குச் சற்று மேல். "இவ்வளவுதானா?" என்று ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலுடன் கிளம்பினேன். பள்ளத்தாக்கின் அடியில் சாலை மெதுவாகத்தான் ஏறியது. பெரிய ஏற்றம் முழுவதும் கடைசிச் சில கிலோமீட்டரில் காத்திருந்தது. தண்ணீர் தீர்ந்து, ஆடுகள் வேடிக்கை பார்க்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

இதற்காகக் கம்ப்யூட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தரும் விடையைக் கேள்வி கேட்கப் பழகுங்கள் என்றுதான் சொல்கிறேன். வழி எதுவானாலும் இந்த மூன்றையும் செய்யுங்கள்.

முதலில், சராசரியை விட்டுவிட்டு ஏற்ற இறக்கப் படத்தை முழுவதும் பாருங்கள். கடைசிப் பகுதியைத் தனியாகப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்து, வழியை ஜி.பி.எக்ஸ். ஃபைலாக டவுன்லோடு செய்து நோட்பேடில் திறந்து பாருங்கள். பயப்பட வேண்டாம், அது வெறும் எழுத்து ஃபைல்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் இ-எல்-இ என்ற குறிகளுக்கு நடுவே உயரம் மீட்டரில் இருக்கும். அடுத்தடுத்த புள்ளிகளில் உயரம் திடீரென்று 30 மீட்டர் இறங்கி மறுபடி ஏறினால் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, அந்த இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். பாலமா, குகையா, பழைய ரயில் தடமா என்பது தெரிந்துவிடும்.

போன கோடையில் என் மனைவி ஹெங்கோயிட் பாலத்தைச் சைக்கிளில் கடந்தார். நடுவில் நிறுத்திக் கீழே ஆற்றைப் பார்த்துவிட்டு, "இதுதான் அந்தக் கிணறா?" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு தப்பான எண்ணை நம்பி இரண்டு மாதத்தை வீணாக்கியது நான்தானே!