பழைய காரும் புதிய எஞ்சினும்

“விற்பனைக்கு உண்டு” என்னும் இரண்டு சொற்களுக்கு உள்ள கவர்ச்சி அலாதியானது. காணி, வீடு, கறவைப் பசு என எதன் பொருட்டு அச்சொற்கள் எழுதப்பட்டிருந்தாலும் மனிதன் ஒரு கணம் நின்று பார்க்கவே செய்கிறான். அவற்றின் கீழே எழுபது வயதான ஒரு மோட்டார்க் காரின் படம் இருந்துவிட்டாலோ, பார்ப்பவர்கள் உடனே இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். “இந்தப் பழைய இரும்புக்கு இவ்வளவு விலையா?” என்பது ஒரு கட்சி. “இதை விட்டால் இன்னொன்று கிடைக்குமா?” என்பது மற்றக் கட்சி.

வினாயகபுரத்துத் தேநீர்க் கடையானாலும், கல்முனையில் ஒரு கராஜ் வாசலானாலும் இந்த வழக்கு ஒன்றுதான். கைத்தொலைபேசியில் வந்த ஒரு விளம்பரப் படம் கைமாறிக் கைமாறிச் செல்கிறது. “காக்கா, எஞ்சின் மாற்றின வண்டியாமே, வாங்கலாமா?” என்று இளைஞன் கேட்கிறான். “தம்பி, எஞ்சினைப் பிறகு பார்ப்போம். அடியைப் பார்த்தாயா?” என்கிறார் கையில் கிரீஸ் படிந்த மூத்தவர். அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கும் அறிவைத்தான் இவ்வாரம் நாம் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பழைய காரையெல்லாம் ‘வின்டேஜ்’ என்று அழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. திராட்சை மதுவின் ஆண்டைக் குறிக்கும் அச்சொல்லை மோட்டார் அன்பர்கள் தம் துறைக்கு எடுத்துக்கொண்டபோது அதற்கு ஓர் எல்லையும் வகுத்தார்கள். இங்கிலாந்தில் 1934ஆம் ஆண்டு தோன்றிய வின்டேஜ் கார்க் கழகத்தாரின் கணக்குப்படி, 1930ஆம் ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்ட வண்டிகளே அப்பெயருக்கு உரியவை. நம் வீதிகளில் எஞ்சியிருக்கும் மொறிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, வொக்ஸ்வாகன் ‘வண்டு’ ஆகியவற்றைப் பழஞ்சிறப்பு வண்டிகள் என்பதே பொருந்தும். பெயரைக் கூட்டிச் சொல்பவர் விலையையும் கூட்டிச் சொல்வார் என்பதை வாங்குபவர் நினைவில் வைத்தல் நன்று.

மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அதனை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். பின்னர் 1959இல் ‘மினி’ காரையும் தந்தவர் அவரே. போர்க்காலத்தில் அவ்வண்டி வரைபடமாக இருந்தபோது அதற்கு ‘நுளம்பு’ என்று பொருள்படும் பெயரே வைக்கப்பட்டிருந்தது. வண்டி ஏறத்தாழ முற்றுப்பெற்ற வேளையில், அகலம் போதவில்லை என்று அமைத்தவர் மனத்தில் ஓர் உறுத்தல். மாதிரி வண்டியை நீளவாட்டில் இரண்டாக அறுக்கச் செய்தார். இரு பாதிகளையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியே அழகு என்று முடிவு செய்தார். முன்னரே செய்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவே வெட்டி ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. 1948ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் மக்கள் வியந்து பார்த்தது இவ்வாறு ஒட்டுப் போட்ட வண்டியைத்தான்! ஆகவே, வண்டியை மாற்றியமைத்தல் பாவமென்று கூறும் தூய்மைவாதிகளுக்கு நாம் பணிவுடன் சொல்லக்கூடியது ஒன்றுண்டு: மொறிஸ் மைனரை முதன்முதலில் மாற்றியமைத்தவர் அதனைப் படைத்தவரே.

1960ஆம் ஆண்டின் இறுதியில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் அதுவே. உற்பத்தி நின்றபோது செய்யப்பட்ட வண்டிகளின் தொகை ஏறக்குறைய பதினாறு இலட்சம். அவற்றுள் கணிசமானவை கப்பலேறி இலங்கைக்கும் வந்தன. ஆசிரியர்களும், வைத்தியர்களும், எழுதுவினைஞர்களும் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து அவற்றை வாங்கினார்கள்.

பிறந்த நாட்டிலேயே அருகிவிட்ட ஒரு வண்டி இங்கு எவ்வாறு தழைத்தது? 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த வண்டியைப் பேணுவதன்றி வேறு வழி பெரும்பாலோருக்கு இருக்கவில்லை. உலகின் மறுகோடியில் கியூபாத் தீவிலும் இதே கதைதான். 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன் வந்த அமெரிக்கக் கார்களே அங்கு பல்லாண்டுகள் ஓடின. 2011ஆம் ஆண்டுவரை பொதுமக்கள் தடையின்றி வாங்கி விற்கக்கூடியவை அப்பழைய வண்டிகள் மட்டுமே. மூல எஞ்சின் தேய்ந்தபோது அவற்றில் டீசல் எஞ்சின்கள் புகுந்தன. இரு தீவுகளிலும் பற்றாக்குறையே ஆசானாக நின்று கைத்தொழிலைக் கற்பித்தது.

உதிரிப்பாகம் கிடையாத அக்காலத்தில் நம் டிங்கர் வேலைக்காரர்கள் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி மட்காட்டை உருவாக்கினார்கள். கடைசல்காரர்கள் அச்சையும் புஷ்ஷையும் கடைந்து கொடுத்தார்கள். இக்கைத்திறனின் மதிப்பைப் பிறநாட்டாரும் உணர்ந்தனர். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையத்தை நிறுவிய சார்ல்ஸ் வெயர் என்பார், 1990களில் இலங்கையருடன் கூட்டுச் சேர்ந்து அவ்வண்டியின் உறுப்புக்களை இந்நாட்டிலேயே செய்விக்கலானார். ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான காருக்கு இங்கிருந்து உறுப்புக்கள் ஏற்றுமதியாயின. தமிழகமும் இதற்குப் பிற்பட்டதன்று. மொறிஸ் ஒக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசடர் 2014ஆம் ஆண்டுவரை இந்தியாவில் உற்பத்தியானது. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு குடும்பத்தார் நிறுவிய கார் அருங்காட்சியகத்திற்கு மாணவர்கள் இன்றும் சென்று வருகிறார்கள்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏணி வைத்து ஏறிற்று. பொழுதுபோக்காகப் பார்த்த விளம்பரங்களைக் குடும்பத் தலைவர்கள் தேவைக்காகப் பார்க்கத் தொடங்கினார்கள். நகை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. ஆகவே, இது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் சேமிப்பும், அதனைவிடப் பெரிதான உயிரும் இதில் அடங்கியிருக்கின்றன.

இனி, அந்த மூத்தவர் கேட்ட கேள்விக்கு வருவோம். மொறிஸ் மைனருக்கு லொறியைப் போலத் தனியான முழுச் சட்டகம் கிடையாது. உடலும் அடித்தளமும் ஒன்றாக இணைந்து பாரத்தைத் தாங்குகின்றன. அடித்தகடும், கதவின் கீழுள்ள விளிம்பும், பின் வில்தகடுகள் பொருந்தும் இடமும் துருப்பிடித்துவிட்டால், மேலே எத்தனை கோட் வர்ணம் பூசியும் பயனில்லை. நம் கரையோரத்து நிலைமையோ சொல்ல வேண்டியதில்லை. கிழக்கே கடல், மேற்கே வயலும் களப்பும். இடையே ஏ4 பெருந்தெரு. உப்புக் காற்று இரவும் பகலும் இரும்பைத் தின்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எழுந்த கரை இது. கடல்நீர் புகுந்த தகடு வெளிக்கு மினுங்கினாலும் உள்ளே உளுத்துப் போயிருக்கலாம். மரச்சட்டம் பொருத்திய ‘ட்ரவலர்’ வகையிலோ இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. அம்மரம் வெறும் அலங்காரமன்று, உடலைத் தாங்கும் உறுப்பு. கரையான் அரித்த சட்டம் முறிந்த எலும்புக்குச் சமானம்.

முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்த் திருகு மூட்டையும் மறத்தலாகாது. காலந்தவறாமல் கிரீஸ் ஏற்றாவிட்டால் அதன் புரி தேய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் மடங்கிவிடும். சில நூறு ரூபா கிரீஸை மிச்சம் பிடித்து உயிரைப் பணயம் வைப்பது எவ்வகைச் சிக்கனமோ!

எஞ்சின் மாற்றிய வண்டிகளைப் பற்றியே இளைஞர்கள் மிகுதியாகப் பேசுகிறார்கள். 1948ஆம் ஆண்டு வண்டியின் 918 சீசீ எஞ்சின் தந்தது ஏறத்தாழ 27 குதிரைவலு. ஜப்பானிய 1200 சீசீ எஞ்சினைப் பொருத்தினால் வலு இருமடங்குக்கும் மேலாகிறது. மேட்டில் மூச்சு வாங்காது. உதிரிப்பாகம் கிடைப்பதும் எளிது. இவை உண்மையான நன்மைகளே. ஆனால், பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிக்கும் மாணவன் அறிந்த விதி ஒன்றுண்டு: வேகம் இருமடங்கானால் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும். அத்தனையையும் அடக்க வேண்டியது பிரேக். பழைய மைனரின் பிரேக் உருளைகளோ ஏழு அங்குல விட்டம் உடையவை. 1962இல் 1098 சீசீ எஞ்சினைப் பொருத்திய உற்பத்தியாளர்களே முன்சக்கர உருளையை எட்டு அங்குலமாகப் பெருப்பித்தார்கள். செய்தவர்களுக்கே தேவையென்று பட்ட எச்சரிக்கை நமக்கு வேண்டாமா? ஆதலால், “எஞ்சின் மாற்றியது” என்று விளம்பரத்தில் கண்டால், “பிரேக் மாற்றியதா?” என்பதே நம் முதற் கேள்வியாதல் வேண்டும்.

ஆசனப்பட்டியும் அவ்வாறே. மும்முனைப் பட்டியை வொல்வோ நிறுவனத்துப் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959இல் அமைத்துத் தந்தார். உரிமப் பணம் கேளாது எல்லாரும் பயன்படுத்த நிறுவனமும் இடமளித்தது. அதற்கு முந்திய வண்டிகள் பட்டியின்றியே பிறந்தவை. வலுவான இடம் பார்த்து அதனைப் பொருத்துவதால் பழைமை கெட்டுவிடாது. குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் அதுவே முதல் அலங்காரம்.

மின்சாரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய மைனரில் பற்றரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வண்டிகளில் எதிர்முனை. இதனை அறியாமல் புதிய வானொலியைப் பூட்டினால் பாட்டுக்குப் பதில் புகைதான் வரும்.

இறுதியாக, பதிவுப் புத்தகமும் இலக்கத்தகடும். ஆங்கில எழுத்துக்களைத் தாங்கிய பழைய தகடுகளுக்கு அன்பர்கள் தனி மதிப்புக் கொடுக்கிறார்கள். 1957ஆம் ஆண்டு சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து புகுத்தப்பட்டபோது தமிழ்ப் பகுதிகளில் எழுந்த எதிர்ப்பையும், 1958இன் துயரங்களையும் வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. ஒரு தகட்டுத் துண்டிலும் நாட்டின் கதை எழுதப்பட்டிருப்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். வாங்குபவர் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு: சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா? மாற்றிய எஞ்சின் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால், வண்டி எவ்வளவு அழகாக இருப்பினும் விலகிக்கொள்வதே அறிவுடைமை. ஒரு வண்டியின் புத்தகத்தை மற்றொரு வண்டியின் உடலுக்குச் சூட்டி விற்கும் தந்திரத்துக்குப் பலியானவர், பணத்தையும் இழந்து வழக்கையும் விலைக்கு வாங்கியவராவார்.

இவ்வளவும் படித்தபின் ஆசை அடங்கிவிடும் என்று நாம் கருதவில்லை. அடங்க வேண்டுமென்று விரும்பவுமில்லை. படத்தைப் பார்த்து முற்பணம் அனுப்பாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள். பகல் வெளிச்சத்தில் நேரே சென்று, கூடவே அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கையும் அழைத்துச் சென்று, வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். வீட்டில் வளரும் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். தகடு தட்டும் அந்த மூத்த கைகளுக்கு வயதாகிவிட்டது. அவை அறிந்ததைக் கேட்டுக்கொள்ள இளங்காதுகள் வேண்டும். கார் இன்று கைநழுவிப் போனால் நாளை இன்னொன்று விற்பனைக்கு வரும். அக்கைகளின் திறனோ எந்த விளம்பரத்திலும் விற்பனைக்கு வருவதில்லை.