மாதிரித் தாங்கியும் பொய்த் துருவும்

யுத்தத் தாங்கிகளை 35இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்ரிக்கில் அமைப்போர், வர்ணம் பூசி முடித்தபின் அதனை வேண்டுமென்றே பழுதாக்குவர். உழைத்த வண்டியின் தோற்றம் அதனாலேயே வரும். ஆயின், எங்கும் கபில நிறத்தை அப்பித் துருவென்று காட்டும் இக்கால வழக்கத்தை யாம் ஒப்போம். அது சரித்திரத்தைப் பிழைபடக் கூறுவதாகும்.

1941 மார்ச்சில் திரிப்போலித் துறைமுகத்தில் இறங்கிய ஜேர்மனியப் பன்சர் III தாங்கிகளை நோக்குக. அவை ஐரோப்பாவிற் பூசிய கருஞ்சாம்பல் நிறத்துடனேயே வந்தன. பாலைவனத்துக்குரிய மஞ்சட்கபிலம் பின்னரே அதன்மேற் பூசப்பட்டது. ஆகவே, வீரர் மிதித்தேறிய இடங்களிலும் கதவு விளிம்புகளிலும் மேற்பூச்சுத் தேய்ந்தபோது முதலில் வெளிப்பட்டது துருவன்று, சாம்பலே. மணலில் உராய்ந்த சங்கிலிப் பட்டையோ வெள்ளிபோல் மினுங்கும். துருவுக்குரிய இடம், சூட்டினால் வர்ணம் கருகிய புகைபோக்கியே.

இதனைச் செய்துகாட்டல் அரிதன்று. சாம்பல் நிறம் காய்ந்தபின், கூந்தலைப் படியவைக்கத் தெளிக்கும் திரவத்தை (மனைவியர் பொறுப்பாராக!) அதன்மேல் விசிறுக. அதன்மேல் அக்கிரிலிக் மஞ்சளைப் பூசி, நீர் தோய்ந்த தூரிகையால் உரிய இடங்களில் மட்டும் மெல்லத் தேய்ப்பின், கீழ்நிறம் தானே தலைகாட்டும். புழுதி இறுதியில், அதுவும் அடிப்பாகத்திலேயே மிகுதியாக.