வசதியாக்க மன்றத் தீர்ப்புகளை நிறைவேற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குறுந்தொழில் முனைவோர் சங்கம், கோவை மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600 009.

பொருள்: வசதியாக்க மன்றங்களில் வழக்குகளை 90 நாட்களில் முடிப்பதும் தீர்ப்புத் தொகையை வசூலித்துத் தருவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பகுதிகளில் இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் வைத்து, பம்ப், மோட்டார் உதிரிபாகங்களை ஜாப் ஒர்க்காகச் செய்து கொடுப்பவர்கள் எங்கள் உறுப்பினர்கள். பில் போட்ட அடுத்த மாதமே ஜி.எஸ்.டி. கட்டிவிடுகிறோம். மின்கட்டணமும் பட்டறை வாடகையும் சனிக்கிழமைச் சம்பளமும் காத்திருப்பதில்லை. எங்களுக்கு வர வேண்டிய பணம் மட்டும் ஆறு மாதம், எட்டு மாதம் என்று இழுபடுகிறது. சில பில்களுக்கு வருவதே இல்லை.

உரிமையியல் நீதிமன்றம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், வக்கீல் செலவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போகும் நாட்கள் எல்லாம் சேர்ந்தால், இரண்டு லட்ச ரூபாய் பாக்கியைக் கைகழுவுவதே மேல் என்றாகிவிடுகிறது. இதற்கு மாற்றாகத்தான் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் வசதியாக்க மன்றத்தைத் தந்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. மன்றம் முதலில் சமரசம் பேசும். இசையாவிட்டால் நடுவர் தீர்ப்பு. தனியாக நடுவர் ஒப்பந்தம் இருந்தாலும் மன்றத்தை நாடும் உரிமை போகாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு மன்றங்களை அரசு அமைத்திருப்பதற்கு நன்றி தெரிவிக்கிறோம்.

ஆனால் சட்டத்தின் 18ஆம் பிரிவு வைத்த 90 நாள் கெடு ஏட்டளவில் நிற்கிறது. தலைமை வகிக்கும் அதிகாரிக்கு வேறு பொறுப்புகள் ஏராளம். அவருக்கு ஓய்வு கிடைக்கும் நாளில்தான் அமர்வு. எனவே, ஒவ்வொரு மாதமும் அமர்வு நாட்களை முன்கூட்டியே அறிவிக்கவும், மன்றத்துக்கென முழுநேர அலுவலர்களை நியமிக்கவும் வேண்டுகிறோம். மன்றம் இல்லாத மாவட்டத்தவர்கள் மாவட்டத் தொழில் மையத்திலிருந்தே காணொளி வழியாக ஆஜராக வழி செய்யலாம்.

எங்கள் தலையாய கோரிக்கை வசூல் பற்றியது. தீர்ப்பு சாதகமாக வந்த பிறகுதான் உண்மையான அலைச்சல் தொடங்குகிறது. வாங்கியவர் தீர்ப்பை எதிர்த்தால் 75 சதவீதத் தொகையைக் கட்டியாக வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. அவர் எதிர்க்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால்? எந்த நீதிமன்றத்தைத் தவிர்க்க மன்றத்துக்கு வந்தோமோ, அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். அவருடைய சொத்து எங்கே, எந்த வங்கியில் கணக்கு என்று நாங்களே தேட வேண்டும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டை நில வருவாய் பாக்கி போல ஆட்சியர் மூலம் வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்திலும் அந்த வழி உண்டு. எங்கள் தீர்ப்புகளையும் அவ்வாறே வசூலிக்க, மாநில விதிகளைத் திருத்தியோ, தேவையானால் சட்டத் திருத்தம் கொண்டுவந்தோ அரசு வழி செய்ய வேண்டும். இது நடக்காமல் மன்றங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் எங்களுக்குப் பெரிய பயன் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரே கம்பெனியின் ஆர்டரை நம்பி ஓடும் பட்டறைக்காரர் அந்தக் கம்பெனி மீது மனுப் போட்டால், மறுநாள் ஆர்டர் நின்றுவிடும். இந்தப் பயத்தால் மன்றத்தின் வாசலுக்கே வராதவர்கள் எங்களில் பலர். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கியை ஆண்டுக் கணக்கறிக்கையில் காட்ட வேண்டும் என்று 22ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. காட்டாவிட்டால் குறைந்தது 10,000 ரூபாய் அபராதம். அந்தக் கணக்குகளைத் துறையே பரிசீலித்து, பாக்கி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்குத் தானாகக் கடிதம் எழுதினால், யார் புகார் சொன்னார் என்ற கேள்வியே எழாது. அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் 45 நாள் விதியைத் தாங்களே முதலில் கடைப்பிடிக்கும்படி ஆணையிடவும் வேண்டுகிறோம்.

இவை குறித்து எங்கள் நிர்வாகிகளை நேரில் அழைத்துப் பேசி, வசூல் விதித் திருத்தத்தை விரைந்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: தொழில் வணிக ஆணையர், கிண்டி, சென்னை; மாவட்ட ஆட்சியர், கோவை.