இரவல் திரையும் காணொளியின் உடைமையும்

இணையப் பக்கமொன்றிற் காணொளியைப் பொருத்தி, நிரல் நூலகத்தின் துணையுடன் அதனை ஓட்டவும் நிறுத்தவும் கற்றுக்கொண்டோர், திரை தம் கைவசமாகிவிட்டதென எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. கல்வி நிறுவனங்களும் கலைக்கழகங்களும் தம் விரிவுரைகளையும் அரங்க நிகழ்வுகளையும் பிறர் களஞ்சியத்தில் ஒப்படைத்துவிட்டு, அதனையே முன்னேற்றமெனக் கொண்டாடும் நிலைக்கு இதுவே வழிகோலியுள்ளது.

காணொளியைப் பொருத்தும் முறைகள் பிரதானமாக இரண்டு. முதலாவது, எச்.ரி.எம்.எல். மொழியிலுள்ள 'வீடியோ' என்னும் கூறினைப் பயன்படுத்துவது. இங்கு கோப்பு பக்கத்துக்குரியவரின் சேவரிலேயே இருக்கும். ஓட்டு, நிறுத்து, இன்ன வினாடிக்குச் செல், வேகத்தைக் குறை என்னும் ஜாவாஸ்கிரிப்ற் கட்டளைகளை உலாவியே நேரடியாக ஏற்று நிறைவேற்றும். 2010 இல் தோன்றிய வீடியோ.ஜேஎஸ் போன்ற திறந்த மூல நூலகங்கள் அக்கட்டளைகளுக்குச் சீரான ஒரு முகத்தை அளிக்கின்றன. அந்நூலகத்தின் பிரதியொன்றைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவும் வேண்டியவாறு திருத்தவும் எவருக்கும் உரிமையுண்டு.

இரண்டாவது முறை, யூரியூப் போன்ற தளமொன்றின் சாளரத்தை உட்சட்டகமாகப் பக்கத்தினுள் வைப்பது. இது பக்கத்தினுள் இன்னொரு பக்கமாகும். உலாவியின் பாதுகாப்பு விதியின்படி வெளிப் பக்கத்தின் நிரல் இச்சட்டகத்தினுள் நுழைய இயலாது. செய்தி அனுப்பவே இயலும். அச்செய்தியை அனுப்பும் நூலகமும் அந்நிறுவனத்தின் சேவரிலிருந்தே வந்து சேருகின்றது. 'ஓட்டு' என்று வெளியிலிருந்து சொல்லப்படும். ஓடுகின்றது எனில் 1, நிறுத்தப்பட்டது எனில் 2, முடிவுற்றது எனில் 0 என உள்ளிருந்து விடை வரும். இங்கு கட்டளை எனப்படுவது உண்மையில் விண்ணப்பமேயாகும்.

விண்ணப்பத்தின் கதி யாதாகும் என்பதற்குச் சான்றுகள் உள. விரிவுரை முடிந்ததும் தொடர்பற்ற காணொளிகள் திரையில் தோன்றாதிருக்கும் பொருட்டு, பக்கம் அமைப்போர் 'ரெல்' என்னும் குறிப்பிற்குப் பூச்சியப் பெறுமானம் கொடுத்து வந்தனர். 2018 செப்ரெம்பர் 25 முதல் யூரியூப் இதன் பொருளையே மாற்றியது. அன்று தொட்டு, பிற காணொளிகளின் வரிசையை நீக்குவதற்கு வழியில்லை. அவை அதே அலைவரிசையைச் சேர்ந்தவையாக அமையும் என்பது மட்டுமே எஞ்சியது. காணொளியின் தலைப்பை மறைக்கும் வசதியும் அன்றே பறிக்கப்பட்டது. நிறுவனத்தின் சின்னத்தை அடக்கிக் காட்டும் வசதி 2023 இற் செயலற்றதாயிற்று. பக்கம் அமைத்தோர் தம் நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஆயினும் அந்நிரலின் பொருள் மாறிற்று. தன் வாக்கியத்தின் பொருளைப் பிறர் தீர்மானிக்கும் நிலையிலுள்ளவனை ஆசிரியன் என்று எங்ஙனம் அழைப்பது?

இஃது இணையத்தின் வரலாற்றிற் புதிய அனுபவமன்று. 2002 இற் காணொளி வசதி பெற்ற பிளாஷ் இயக்கி, 2005 இல் யூரியூப் தோன்றியபோது அதற்கு அடித்தளமாயிற்று. உலகின் திரைகள் பல ஒரு தனி நிறுவனத்தின் மூடிய மென்பொருளை நம்பியிருந்தன. 2010 ஏப்ரிலில் அப்பிள் நிறுவனத்தின் ஸ்ரீவ் ஜொப்ஸ் பகிரங்கக் கடிதமெழுதி அதனை நிராகரித்தார். 2020 டிசெம்பர் 31 உடன் அடோபி நிறுவனம் தன் ஆதரவை முடித்துக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் ஆக்கங்களை இயக்கி தானே தடுத்தது. மூலக் காணொளியைப் பேணி வைத்திருந்தோர் இயக்கியை மட்டும் மாற்றிக்கொண்டனர். பொதியை மட்டுமே வைத்திருந்தோர் இருட்டுத் திரையைப் பெற்றனர்.

பிளாஷை எதிர்த்தோர் யாவரும் பொதுநலம் கருதியோர் எனக் கொள்ளவும் இயலாது. எச்.ரி.எம்.எல். ஐந்தாம் பதிப்பின் வரைவு ஓக் தியோரா என்னும் கட்டற்ற குறிமுறையை முதலில் விதந்துரைத்திருந்தது. நொக்கியாவும் அப்பிளும் எதிர்த்தன. 2007 டிசெம்பரில் அவ்விதப்புரை நீக்கப்பட்டது. 2014 இல் நியமம் நிறைவெய்தியபோது பொதுவான குறிமுறை எதுவும் அதில் விதிக்கப்படவில்லை. 2017 செப்ரெம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, பூட்டிடப்பட்ட காணொளிகளுக்கான விரிவாக்கத்தைத் தன் நியமமாக வெளியிட்டது. வலையைத் தோற்றுவித்த ரிம் பேர்ணர்ஸ் லீ அதனை ஆதரித்தார்; இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலெக்ரோனிக் புரொன்ரியர் பவுண்டேஷன் கூட்டமைப்பிலிருந்து விலகியது. எனவே 'வீடியோ' கூறும் போராட்டக் களமேயன்றிப் புனித நிலமன்று.

பணவசதியற்ற அமைப்புகளுக்கு வேறு வழி உண்டா என்று வினவப்படும். வினா நியாயமானதே. வினாடிக்கு 1.5 மெகாபிற் வீதம் ஓடும் ஒரு மணி நேரக் காணொளி 675 மெகாபைற் ஆகும். நூறு பேர் அதனை முழுமையாகப் பார்த்தால் 67.5 கிகாபைற் வெளியேற வேண்டும். சிறு கழகமொன்றுக்கு இது பாரமே. ஆயின் கரும்பலகையும் குரலுமே முக்கியமான விரிவுரைக்கு அதன் மூன்றிலொரு பங்கு வீதமே பெரும்பாலும் போதும். பெருந்தளங்களைப் பயன்படுத்தலாகாது என்பதன்று வாதம். அங்கு வைக்கப்படுவது பிரதியாக இருக்கட்டும். மூலமும் அதன் எழுத்துரைக் கோப்பும் உரியவர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பதே வாதம்.

பக்கம் அமைப்போரும் குற்றமற்றவரல்லர். நிறுவனத்தின் ஆதிக்கத்தைக் கண்டிப்போர் சிலர், பார்வையாளர் மீது அதே ஆதிக்கத்தைச் செலுத்துகின்றனர். நிறுத்தும் பொத்தானை மறைக்கின்றனர், விசைப்பலகையாற் காணொளியை இயக்க வழிவைப்பதில்லை, செவிப்புலன் குறைந்தோர்க்கு எழுத்துரை இணைப்பதில்லை, அனுமதியின்றி ஒலியெழுப்புகின்றனர். 2017 இல் அப்பிளின் சபாரியும் 2018 இற் கூகிளின் குரோமும், ஒலியுடன் தானாக ஓடும் காணொளிகளைத் தடுக்க முற்பட்டமை இவ்வத்துமீறலின் விளைவேயாகும்.

காணொளியை இயக்கும் நிரலை எழுதத் தெரிதல் ஒரு திறன். அந்நிரல் எவருடைய அனுமதியால் இயங்குகின்றது, அவ்வனுமதி நாளை மறுக்கப்படின் கையில் எஞ்சுவது யாது என வினவத் தெரிதல் அதனினும் பெரிது. இவ்வினாக்களை எழுப்பாத கல்வி, இரவல் திரைக்குப் பணியாளரை ஆக்குமேயன்றித் தம் ஆவணங்களைத் தாமே காக்கும் சமுதாயத்தை ஆக்காது.