லேசரால் வீட்டிலேயே சர்க்யூட் போர்டு: சாத்தியமா, பாதுகாப்பானதா?

ஓசூர், தேன்கனிக்கோட்டை பகுதியில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாலையெங்கும் கம்பெனி பஸ்கள்தான். எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் இந்த எல்லைப் பகுதியின் முகத்தையே மாற்றிவிட்டன. மத்திய அரசு 2025-ல் 22,919 கோடி ரூபாயில் மின்னணு உதிரிபாக உற்பத்தித் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் முதலில் ஒப்புதல் பெற்ற 7 திட்டங்களில் 5 தமிழகத்துக்கு வந்தன. பல அடுக்கு பி.சி.பி. தயாரிப்பும் அதில் அடக்கம்.

ஆனால், போர்டில் பாகங்களைப் பொருத்தும் வேலை ஒன்று. அந்த போர்டை வடிவமைக்கும் வேலை வேறு. சம்பளமும் வளர்ச்சியும் இரண்டாவதில்தான் அதிகம். அதைப் பழகப் பெரிய ஆலை தேவையில்லை. மேஜை மேல் வைக்கும் லேசர் எந்திரமே போதும் என்ற நிலை இப்போது வந்திருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

பி.சி.பி. என்பது கண்ணாடி இழைப் பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய செம்புத் தகடு. வழக்கமான தடிமன் 35 மைக்ரான். தலைமுடியில் ஏறக்குறையப் பாதி. தேவையான பாதைகளை விட்டுவிட்டு மீதிச் செம்பை நீக்கினால் சர்க்யூட் தயார்.

இதுவரை மாணவர்கள் செய்துவந்தது அயர்ன் பாக்ஸ் முறை. லேசர் பிரின்டரில் டிசைனை அச்சடித்து, சூடாகத் தேய்த்து, மையைச் செம்பில் ஒட்டவைப்பார்கள். பாதி நேரம் மை சரியாக ஒட்டாது, கோடு அறுந்துபோகும்.

லேசர் முறையில் செம்பின் மேல் கறுப்பு ஸ்பிரே பெயின்ட் அடித்துக் காயவிடுகிறார்கள். மரத்தில் பெயர் பொறிக்கப் பயன்படும் 5 அல்லது 10 வாட் நீல லேசர், செம்பு தேவையில்லாத இடங்களில் பெயின்டை மட்டும் எரித்து எடுக்கிறது. பிறகு போர்டை ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால், திறந்திருக்கும் செம்பு கரைந்துவிடும். பெயின்டைத் துடைத்தால் பாதைகள் பளிச்சென்று தெரியும்.

நீல லேசராலேயே செம்பை நேரடியாக வெட்டக் கூடாதா? முடியாது. செம்பு வெப்பத்தை உடனே பரப்பிவிடும். அந்த வாட்டுக்கு அது ஆவியாகாது. அதற்கு 20 வாட் ஃபைபர் லேசர் வேண்டும். அதில் ரசாயனமே தேவையில்லை, ஆனால் விலை பல மடங்கு.

என்ன லாபம்?

நேரம்தான். வெளியே ஆர்டர் கொடுத்தால் போர்டு கைக்கு வரப் பல நாட்கள் ஆகும். டிசைனில் ஒரு தப்பு இருந்தால் மறுபடியும் காத்திருக்க வேண்டும். வீட்டில் காலையில் செய்த தப்பை மாலைக்குள் திருத்தலாம். செம்புப் பலகை வாங்க பெங்களூரு எஸ்.பி. ரோடும் பக்கம்தான்.

எல்லையும் உண்டு. ஒரு பக்க, இரு பக்க போர்டுகள் சரி. துளைகளுக்குள் செம்பு பூசுவது வீட்டில் கஷ்டம். பல அடுக்கு போர்டு சாத்தியமே இல்லை. இது விற்பனைக்கான வழியல்ல, கற்பதற்கும் முன்மாதிரி செய்வதற்குமான வழி.

ஆபத்து எங்கே?

முதலில் கண். 500 மில்லிவாட்டைத் தாண்டினாலே லேசர் நான்காம் வகுப்பு, அதாவது மிக ஆபத்தான வகை. 5 வாட் என்பது அதைப்போலப் பத்து மடங்கு. செம்பு பளபளப்பானது; அதில் பட்டுத் தெறிக்கும் ஒளியே பார்வையைப் பறிக்கலாம். சாதாரண கூலிங் கிளாஸ் உதவாது. அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடியும், மூடிய பெட்டியும் கட்டாயம். ஃபைபர் லேசரின் ஒளி கண்ணுக்கே தெரியாது என்பதால் இன்னும் மோசம். பலகை கருகினால் வரும் புகையும் நச்சு; அதை வெளியேற்ற ஃபேனும் குழாயும் வேண்டும்.

அடுத்தது தண்ணீர். பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருக்கும். மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் அது விஷம். ‘ஒரு டம்ளர்தானே’ என்று சாக்கடையில் ஊற்றினால் அது போய்ச் சேரும் இடம் ஓடையும் ஏரியும்தான். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சலவை சோடா கலந்தால் செம்பு கசடாகப் படியும். ஆனால் அந்தக் கசடை யாரிடம் கொடுப்பது? ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதிகள் உண்டு. வீட்டில் செய்பவருக்கு அது அத்தனை எளிதல்ல.

என்ன செய்யலாம்?

பயந்து தடுப்பதும் தப்பு. கண்டும் காணாமல் விடுவதும் தப்பு. பொதுவான இடம் ஒன்று இருந்தால் இரண்டு ஆபத்தும் அடங்கும். தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் என்று 2025 மத்திய பட்ஜெட் சொன்னது. இவற்றோடு ஒப்பிட்டால், மூடிய லேசர் எந்திரம் ஒன்று, புகைபோக்கி ஒன்று, கழிவுக் கரைசலைச் சேர்க்க டிரம் ஒன்று பெரிய செலவே அல்ல. மாலையிலும் விடுமுறையிலும் வெளி மாணவர்களுக்கும் ஷிஃப்ட் முடித்த தொழிலாளர்களுக்கும் அதைத் திறந்துவிட வேண்டும். சேரும் கழிவை ஆலைகளின் கழிவோடு சேர்த்து அகற்ற வாரியம் ஏற்பாடு செய்யலாம்.

ஆலைகளுக்கு நிலம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் கொடுத்த பகுதி இது. இங்குள்ள பிள்ளைகள் ஓர் அசெம்பிளி லைனில் நிற்பதோடு நின்றுவிடாமல் இருக்க, இந்தச் சின்ன முதலீட்டையாவது அரசு செய்யட்டும்.